புதுப்பிப்பு: மியூசியம், ஆவணக் காப்பக வேலைக்கு என்ன படிப்பது?

பிளஸ் டூ முடித்த தங்கைக்கு மியூசியம், ஆவணக் காப்பகம் பக்கம் போக ஆசை, கோத்தகிரியிலிருந்து எந்தப் பட்டம் எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்துவிட்டது. "பப்ளிக் ஹிஸ்டரி (மியூசியம், காப்பகம் வழியாக வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் துறை) என்ற பெயரிலேயே இளங்கலை தேடி அலையாதீங்க, முதலில் வரலாறு, முதுகலையில் பிரிந்துகொள்ளலாம்" என்று கூடலூர் அக்கா ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அடுத்த குறி பரோடா பல்கலைக்கழகத்தின் மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல் முதுகலை. 1952 முதல் நடக்கும் துறை. தமிழக அரசின் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பையும் பலர் சொன்னீர்கள். நல்ல யோசனை, ஆனால் அதற்கு முதுகலை முடித்திருக்க வேண்டும்.

எதிர்பாராத லாபம், கல்லூரி வளாகம். 1820களில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா அதற்குள்தான் இருக்கிறது. பாடத்துக்கு வேறெங்கே போக வேண்டும்?

அப்புறம், "வீட்டுக் காகிதத்திலிருந்து தொடங்கு" என்ற யோசனையும் பலித்தது. பாட்டியின் எஸ்டேட் சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பின்பக்கம் பென்சிலால் எண் போடுகிறாள். பேனா கூடாதாம், மை ஊறிவிடுமாம். அப்பாதான் இன்னும் "பி.காம். எடுத்திருக்கலாம்" என்கிறார்.