ஹம்வீயில் கார்க் பெயிண்ட் உரிந்த இடம்: பிரஷ்ஷில் டச்-அப் செய்யலாமா?

கேள்வி – மோட்டார்பூல்2

வண்டி அமெரிக்க ராணுவ ஹம்வீ, டான் 686ஏ என்ற ராணுவ மணல் கலர். பூச்சு கார்க் (CARC), அதாவது ரசாயன ஆயுதத் திரவத்தைத் தாங்கும் ராணுவப் பெயிண்ட். கதவுக்குக் கீழே பாடியில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து அலுமினியம் தெரியுது. ஃபிரேமில் ரெண்டு இடத்தில் துரு. கையில் இருப்பது 53022 எபாக்ஸி ப்ரைமரும் (அடிப் பூச்சு) 53039 டாப்கோட்டும் (மேல் பூச்சு); எண்கள் ராணுவத் தர எண்கள். ஸ்ப்ரே பூத் கிடையாது. பிரஷ்ஷிலேயே முடிக்கலாமா? என்ன மாஸ்க் போடணும்? கடையில் கிடைக்கிற ஸ்ப்ரே டப்பாவில் அதே கலர் இருக்கே, அது ஆகாதா?

பதில் – துருவேட்டை

கடை டப்பாவை மறந்துடுங்க. அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்கைட் எனாமல், அதாவது சாதாரண எனாமல் பெயிண்ட். ரசாயன ஆயுதத் திரவம் பட்டால் ஆல்கைட் அதை உறிஞ்சிக்கும். சுத்தம் செய்ய ஊற்றும் மருந்தில் பெயிண்டே கரைந்து வரும். கார்க்கின் பாலியூரித்தேன் படலம் உறிஞ்சாது, அதற்காகத்தான் இவ்வளவு பாடு. மேலும் ராணுவக் கலர்கள் அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு பிரதிபலிக்கணும் என்பதற்கும் கணக்கு இருக்கு. கண்ணுக்கு ஒத்துப்போனால் மட்டும் போதாது.

சின்ன இடத்துக்கு பிரஷ் தாராளமாகப் போதும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்க. அப்புறம் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் எடுத்துடணும். ஒரே துணியில் தேய்த்தால் கிரீஸ் இடம் மாறுமே தவிரப் போகாது. டீசலில் துடைக்கவே கூடாது.

தேய்ப்பது வாட்டர் பேப்பரில், ஈரமாக. பழைய வண்டிகளின் அடிப் பூச்சில் க்ரோமேட்டோ ஈயமோ இருக்கலாம். உலர்ந்த தூசியைக் கிளப்பாதீங்க. உரிந்த விளிம்பு நகத்தில் தட்டாத அளவுக்குச் சரிவாக்கணும், சுற்றிலும் 3–5 செ.மீ. பாடி அலுமினியம் என்பதால் இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் உல் ரெண்டும் வேண்டாம். இரும்புத் துகள் பதிந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். ஃபிரேம் எஃகு, அதற்குக் கம்பி பிரஷ் சரி.

வெறும் அலுமினியத்துக்கு ப்ரைமருக்கு முன் கன்வெர்ஷன் கோட்டிங் (பெயிண்ட் பிடிக்க உலோகத்தின் மேல் ரசாயனத்தால் உண்டாக்கும் மெல்லிய படலம்) வேணும். பேனா மாதிரி வரும் அப்ளிகேட்டரில், க்ரோமேட் இல்லாததாகக் கேட்டு வாங்குங்க. ப்ரைமரை அன்றைக்கே அடிச்சிடணும். 53022 கலவை 4:1, அளவு கணக்கில்: 24 மி.லி. ஏ பாகத்துக்கு (ப்ரைமர்) 6 மி.லி. பி பாகம் (இறுக்கி). ஒரு சதுர அடிக்கு அந்த 30 மி.லி.யே மிஞ்சும். எல்லாரும் தேவைக்கு மேல் கலக்கித்தான் வீணாக்குறாங்க. காய்ந்த ப்ரைமர் 25–38 மைக்ரான், டாப்கோட் குறைந்தது 46 மைக்ரான். பிரஷ்ஷில் ஒரே கோட்டில் அது வராது, மெல்லிசாக ரெண்டு கோட் கொடுங்க.

ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், டேட்டா பிளேட், லைட் கண்ணாடி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்க. சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம்.

பதில் – வடிகட்டி_பி100

மேலே மாஸ்க் பற்றிய கேள்விக்குப் பதில் வரலை. ஆபத்து இருப்பதே அங்கேதான்.

53039-இல் எச்டிஐ வகை ஐசோசயனேட் இருக்கு; பெயிண்டை இறுக வைக்கும் ரசாயனம் அது, மூச்சுக்குக் கெடுதல். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எச்டிஐ வரம்பு, வேலை நேரச் சராசரி 0.005 பிபிஎம். மூக்குக்கு வாசனை தெரியும்போது வரம்பைத் தாண்டியிருக்கும், அதனால் வாசனை வரலை என்பதை நம்பிப் பயனில்லை. ஒருமுறை உடம்பில் இதற்கு ஒவ்வாமை உண்டாகிட்டால் அப்புறம் துளி பட்டாலே மூச்சிழுப்பு வரும். சில பேருக்கு வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, ராத்திரியில்தான் நெஞ்சு இறுகும். பெயிண்டுதான் காரணம் என்றே தோணாது. தோலில் பட்டாலும் இதே விளைவுதான். ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலையில் விடாதீங்க.

பிரஷ், ரோலர் என்றால் திறந்த வெளியில் வேலை. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் (கரைப்பான் ஆவியைப் பிடிப்பது) பி100 ஃபில்டரும் (நுண்துகளைப் பிடிப்பது) உள்ள ஹாஃப் மாஸ்க், முகத்தில் பொருந்துகிறதா என்று சோதித்தது. நைட்ரைல் அல்லது பியூட்டைல் கையுறை, முழுக்கை, கண்ணாடி. உங்க இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் (பணியிட உடல்நலப் பாதுகாப்பு) பிரிவு இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுதான் விதி. கையால் அழுத்தும் டப்பாவாக இருந்தாலும் ஸ்ப்ரே ஸ்ப்ரேதான். அதற்கு வெளிக்காற்றை ஹோஸில் தரும் மாஸ்க் தேவை. உங்களிடம் பூத் இல்லை, ஆகவே ஸ்ப்ரே கிடையாது.

வெல்டிங் இருந்தால் முன்கூட்டியே செய்யுங்க, சூடுபடும் இடத்திலிருந்து குறைந்தது 10 செ.மீ. வரை பெயிண்டைச் சுரண்டிட்டு.

மோட்டார்பூல்2

நன்றி. முன்பு யாரோ டச்-அப் செய்த இடம் மட்டும் பளபளன்னு தெரியுது. ஏன்?

பதில் – துருவேட்டை

சரியாகக் கலக்கலை. பளபளப்பைக் கொல்லும் பொடி அடியில் உட்கார்ந்திருக்கும். மேலாக்க ஊற்றினால் மினுமினுப்புதான் வரும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி, குச்சியில் கட்டி ஒட்டாத வரை கலக்குங்க. காய்ந்த பிறகு பாலிஷ் மாதிரித் தேய்த்தாலும் இதே கோளாறு வரும்.

தின்னர் தேவைப்பட்டால் 81772 என்ற ராணுவத் தர எண் உள்ள பாலியூரித்தேன் தின்னர் மட்டும். சாதாரண லாக்கர் தின்னரில் ஆல்கஹால் இருக்கும். அது ஐசோசயனேட்டோடு சேர்ந்துவிடும், படலம் இறுகாமல் மெத்தென்று நிற்கும்.

53039 காற்றின் ஈரத்தில் இறுகுவது. திறந்த டப்பாவில் மிச்சத்தைத் திருப்பி ஊற்றாதீங்க. ஈரம் பட்ட பெயிண்டை இறுக மூடினால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மூடி உப்பும். மிச்சத்தையும் துணிகளையும் அபாயக் கழிவு டிரம்மில் போடுங்க. வேறு கப்பில் எடுத்த பெயிண்ட் இறுகும் வரை மூடி தளர்வாகவே இருக்கட்டும்.