பிள்ளைகளுக்கு வீட்டு வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்?

திருச்சி அம்மா:
பையனுக்கு 11 வயது, பொண்ணுக்கு 8. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறரை மணி ஆகிவிடும். போன வாரம் சாப்பிட்டு முடித்ததும் மாமியார் சின்னவளை மட்டும் கூப்பிட்டு "தட்டெல்லாம் எடுத்து வைம்மா" என்றார், பெரியவன் கை கழுவிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான், வாசல் தெளிப்பது, கோலம், பாத்திரம் எல்லாம் நானும் தங்கையும். அண்ணனுக்கு இன்றைக்கும் காபி போடத் தெரியாது. அட்டவணை எழுதி பிரிட்ஜில் ஒட்டிப் பார்த்தேன், நாலு நாள்கூட ஓடவில்லை, "இன்னைக்கு என் முறை இல்ல" என்று ஒரே சண்டை. உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது?

வியாசர்பாடிக்காரன்:
சகோதரி, முறை வைத்தாலே சண்டை வரும். 2003-ல் சென்னையில் ஏரியெல்லாம் வற்றி லாரித் தண்ணீரை நம்பி இருந்தோம் (வீராணம் தண்ணீர் வந்தது 2004-ல்தான்). லாரிச் சத்தம் கேட்டதும் அக்கா ஓடிப்போய் வரிசையில் குடம் வைப்பாள், நான் தூக்கி வருவேன், தம்பி டிரம் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றதால் யார் முறை என்ற பேச்சே வரவில்லை. சாப்பிட்டதும் எல்லாரும் சேர்ந்து பத்து நிமிடம், உங்கள் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான், செய்து பாருங்கள்.

நெல்லைப் பொண்ணு:
எனக்கு வேறு அனுபவம். ஒரு வேலையை முழுசாக ஒரே ஆளிடம் விட்டுவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர், அரிக்கேன் சிம்னி துடைப்பது என் வேலை, ஏனென்றால் என் கை மட்டும்தான் அதற்குள் போகும். பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டு உள்ளே விட்டுச் சுற்றினால் கரி வந்துவிடும், பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. ஒருநாள் சூடு ஆறுவதற்குள் ஈரத்துணியை வைத்துவிட்டேன், 'டப்'பென்று விரிசல். அப்பா திட்டவில்லை. மறுநாள் கடைக்குக் கூட்டிப்போய் என்னையே புதுச் சிம்னி பார்த்து எடுக்கச் சொன்னார், வேலையும் என்னிடமே இருந்தது. பிள்ளை மறந்தால் நீங்கள் எடுத்துச் செய்துவிடாதீர்கள் அக்கா, தண்ணீர் பாட்டில் நிரப்பவில்லையா, காலியாகவே இருக்கட்டும்.

மாவரைத்தவன்:
பையனை அடுப்படிக்குள் விடுங்கள், அதுவும் பாட்டியே கற்றுக் கொடுக்கிற மாதிரி. "உங்க கைப்பக்குவம் இவனுக்கும் வரட்டும் அத்தை" என்று கேட்டால் மறுக்க மாட்டார். எனக்கு அம்மா 12 வயதிலேயே மாவு ஆட்டக் கற்றுக்கொடுத்தாள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டணும், ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். விடுதியில் இருந்த காலத்தில் இதுதான் என்னைக் காப்பாற்றியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாவு என் பொறுப்பு.

திருச்சி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அத்தையிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லாமல் அவனைக் கூப்பிட்டு உளுந்து கழுவ வைத்தார். கிரைண்டர் பக்கத்திலேயே நின்றான். டம்ளர் தண்ணீரில் மாவைப் போட்டு அது மிதந்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். தட்டு விஷயம் இன்னும் பாக்கி, இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் நாங்கள் ஐந்து பேரும் எழுந்து எடுக்கப்போகிறோம், இவரிடமும் சொல்லிவிட்டேன்.