மறு: ‘டிரை ரெசிட்யூ’ – உலர் எச்சமா, வற்றுமீதியா?

நண்பர்களுக்கு வணக்கம். சில மினரல் வாட்டர் பாட்டில்களின் சீட்டில் ‘டிரை ரெசிட்யூ’ (dry residue) என்று ஓர் எண் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் வற்றிய பின் எத்தனை மில்லிகிராம் மிஞ்சுகிறது என்பது அது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் மடல் உரையாடலில் ‘வற்றுமீதி’ என்று நான் சொன்னதற்கு வந்த கருத்துகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

> ‘உலர் எச்சம்’ எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எளிமைதான், ஐயா. ஆனால் குடிதண்ணீர் பாட்டிலில் ‘உலர் எச்சம் 345 மி.கி.’ என்று அச்சிட்டுப் பாருங்கள். இலக்கணம் படித்தவருக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வரும். மற்ற எல்லோருக்கும் காக்கைதான் நினைவுக்கு வரும்.

அளவிடுகிற விதத்திலிருந்தே சொல்லை எடுக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு லிட்டர் தண்ணீரை வற்றவிட்டு, பிறகு 180 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை காயவைத்து, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை எடை போடுகிறார்கள். அடுப்பில் வைத்து மறந்துபோன பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக வளையம் படிந்திருக்குமே, அதுதான். வற்றிய பின் மீதி. ஆகவே ‘வற்றுமீதி’.

“வற்றுவது நீர்தானே, மீதியா வற்றுகிறது?” என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வினைத்தொகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுடுகாட்டில் காடா சுடுகிறது?

> டிடிஎஸ்ஸுக்கு (total dissolved solids, தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு) ‘மொத்தக் கரைதிண்மம்’ இருக்கிறது. இன்னொரு சொல் வீண்.

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. கரைதிண்மம் என்பது தண்ணீருக்குள் இருப்பதன் பெயர். வற்றுமீதி என்பது அதை ஒரு குறிப்பிட்ட வழியில் அளந்ததால் கிடைத்த எண். ஆய்வகத்தில் டிடிஎஸ்ஸையும் பெரும்பாலும் 180 டிகிரியில் காயவைத்தே எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதே பெயரில் வேறு எண்களும் உலவுகின்றன.

என் முன்னால் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் சீட்டைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பைகார்பனேட் 360, கால்சியம் 80, மக்னீசியம் 26. சிலிக்கா, சல்பேட், குளோரைடு, சோடியம், நைட்ரேட் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 515 வருகிறது. கீழே ‘180 டிகிரியில் 345’ என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிழை இல்லை. சூடேறும்போது பைகார்பனேட் உடைந்து கார்பனேட்டாக மாறுகிறது. கரியமில வாயுவும் நீராவியும் பறந்துவிடுகின்றன. பைகார்பனேட்டின் எடையில் 122 பங்குக்கு 62 பங்கு இப்படிப் போகும். 360-இல் சுமார் 183 போய்விட்டால் 515 என்பது 332 ஆகிறது. சீட்டில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை அதே தண்ணீரில் விட்டால் மூன்றாவதாக ஓர் எண் வரலாம். அது எதையும் எடை போடுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, 0.5-க்கும் 0.7-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் கரைந்திருக்கும் சிலிக்கா அதன் கண்ணிலேயே படாது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிக்கிறவர் கம்பெனிக்காரர் ஏமாற்றுகிறார் என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று: சில சீட்டுகளில் பைகார்பனேட் என்று இருக்கும், சிலவற்றில் ஹைட்ரஜன் கார்பனேட் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. நாமாவது ஒன்றையே பிடித்துக்கொள்வோம்.

> தண்ணீர் வாங்குகிறவருக்கு இந்த எண்ணால் என்ன பயன்?

தனியாகப் பெரிய பயன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ருசியை ஓரளவு சொல்லும். மிகக் குறைவாக இருந்தால் தண்ணீர் சப்பென்று இருக்கும், ஆயிரத்தைத் தாண்டினால் நாக்கில் கனக்கும். அதிகமா குறைவா என்பதைவிட எது அதிகம் என்பதே கேள்வி. உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர் சோடியத்தைப் பார்க்கவேண்டும். ஐரோப்பிய விதியில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் ‘சோடியம் குறைந்த உணவுமுறைக்கு ஏற்றது’ என்று போடலாம். கால்சியம் வேண்டுமென்றால் 150-க்கு மேல் உள்ள தண்ணீர். ஒன்றரை லிட்டர் குடித்தால் 225 மில்லிகிராம் சேரும். மக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்து மிகுந்திருந்தால் வயிறு இளகும், சிலர் அதற்காகவே தேடுவார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் ஃபுளூரைடு வரி முக்கியம்: 1.5-ஐத் தாண்டினால், கைக்குழந்தைகளும் 7 வயதுக்கு உட்பட்டவர்களும் தொடர்ந்து குடிக்க ஏற்றதல்ல என்று சீட்டிலேயே எச்சரிக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆனால் கனிமம் குறைந்தது, மிகுந்தது என்ற வகைப் பெயர்கள் அங்கே வற்றுமீதியை வைத்தே பிரிக்கப்படுகின்றன. அதனால்தான் சொல் வேண்டும் என்கிறேன்.

மினரலுக்குத் ‘தாது’ என்று போட்டுத் ‘தாதுநீர்’ ஆக்கலாம் என்று வந்த யோசனைக்கு அதிகம் எழுதப்போவதில்லை. தாது விருத்தி லேகிய விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கனிமநீரே போதும்.

வகைப் பெயர்களுக்கு வருகிறேன். வற்றுமீதி 500 வரை உள்ளதைக் ‘கனிமம் குறைந்த நீர்’ என்று சொன்னால் ஏதோ குறைபாடு போலத் தொனிக்கிறது. ‘மென்கனிம நீர்’ என்றால் மென்னீரோடு குழம்பும்; மென்னீர் என்பது கால்சியமும் மக்னீசியமும் குறைந்த நீர், அதில் சோடியம் உப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். இளஞ்சூடு, இளம்பச்சை என்கிறோம் அல்லவா, அந்த வழியில் ‘இளங்கனிம நீர்’ எப்படி? 1500-க்கு மேல் உள்ளதற்குச் ‘செறிகனிம நீர்’. 50 வரை மட்டுமே உள்ள வகைக்குத்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘மிக இளங்கனிம நீர்’ நாக்கில் இடறுகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்