பைக் செயினில் ஒரு நாரை: முட்டி விட்டுப்போகிறது, துருவும் பிடிக்கிறது

மொட்டைமாடிப் பட்டறை:
சென்னை புதுப்பேட்டை காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய பைக் செயின், ஸ்பார்க் பிளக், பேரிங் இதெல்லாம் வைத்து ஒரு நாரை செய்கிறேன், பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒற்றைக் காலில் நிற்குமே, அதே நிலை. செயினை வரிசையாக அடுக்கியதும் இறகு மாதிரியே படிந்தது, அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை. ஆனால் முட்டிக்கு வைத்த பேரிங், வெல்டு போட்ட மறுநாளே விட்டுவிடுகிறது. இரண்டு தடவை ஆயிற்று. வீடு திருவான்மியூர், கடல் காற்றில் இரண்டே வாரத்தில் முழுக்கத் துரு. என்ன செய்யலாம்?

கேட்டரிங் ராடு:
தம்பி, உங்கள் கையில் தப்பில்லை, இரும்பின் குணம் அது. பேரிங்கில் கார்பன் சுமார் 1% இருக்கும், சாதாரணக் கம்பியில் அதில் கால்வாசிதான். வெல்டு போட்ட இடம் சட்டென்று ஆறும்போது கண்ணாடி போல இறுகி விரிசல் விடும். 6 எம்எம் கம்பியை வளையமாக்கி, பேரிங்கை அதற்குள் இறுக்கி உட்காரவையுங்கள், வளையத்தையும் காலையும் மட்டும் வெல்டு போடுங்கள். இன்னொன்று, காயலான் கடையில் ஷாக் அப்சார்பர் கிடைத்தால் அதைச் சூடாக்கவே கூடாது, உள்ளே அடைபட்ட எண்ணெயும் வாயுவும் வெடிக்கும்.

கடலோரத்தான்:
ஜிஐ பைப் கலந்திருந்தால் ஜாக்கிரதை. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்த அன்று ராத்திரி எனக்குக் குளிர்ஜுரமே வந்துவிட்டது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் போடுங்கள்.

ஈசிஆர் வாசி:
துருவுக்கு: செயினை டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் கிளியர் லாக்கரில் (நிறமில்லாத பூச்சு) முக்கி எடுங்கள். பிரஷ்ஷால் பூசினால் கண்ணிகளின் இடுக்குக்குள் போகாது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். தயவுசெய்து கலர் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், செயின் என்று தெரிவதில்தான் அந்த இறகுக்கு உயிர். நேரம் கிடைத்தால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போய்வாருங்கள், 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. சிற்பிகள் ஜானகிராம், நந்தகோபால் இருவரும் உலோகத் தகட்டில் செய்தவற்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள், எந்த இணைப்பை மறைத்தார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்று.

மொட்டைமாடிப் பட்டறை:
நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். வளையம் போட்டு நான்கு நாள் ஆயிற்று, முட்டி நிற்கிறது. இறக்கையைக் கழற்றி டீசலில் போட்டிருக்கிறேன்.