லோப்பஸ் லோமோங் பற்றி மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

பீஷான்_தடம்:
உயர்நிலை 2, 3 மாணவர்களுக்கு, எல்லோரும் 800, 1500 மீட்டர் ஓடுபவர்கள், சூடானில் பிறந்த அமெரிக்க ஓட்டக்காரர் லோப்பஸ் லோமோங் பற்றி அரை மணி நேரம் பேசி, அதையொட்டி ஒரு பயிற்சியும் கொடுக்கத் திட்டம். எங்கே தேடினாலும் 6 வயதில் கடத்தப்பட்டார், கென்யாவின் ககுமா அகதிகள் முகாமில் 10 ஆண்டு இருந்தார், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்தார் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர் பத்து ஆண்டுக்கு மேல் உச்சத்தில் ஓடியிருக்கிறார். அதுதான் பிள்ளைகளுக்கு வேண்டும். ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காகத்தானே ஓடினார்? 1500இல் தொடங்கியவர் 10,000 மீட்டருக்குப் போனது எப்படி? ஒரு பந்தயத்தில் ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டதாக நினைத்தாராமே, அது எப்படி நடக்கும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓட்டக்குறிப்பு:
முதலில் ஒரு திருத்தம். லோமோங் அகதிகள் அணிக்காக ஓடியதே இல்லை. அந்த அணி முதன்முதலாகக் களம் இறங்கியது 2016 ரியோ ஒலிம்பிக்கில். இவர் 2001இல் ககுமாவிலிருந்து அமெரிக்கா போனார். நியூயார்க் மாநிலத்தில் டல்லி என்ற சின்ன ஊரில் ஒரு குடும்பம் அவரை வளர்த்தது. அங்கேதான் உயர்நிலைப்பள்ளி, அங்கேதான் முதல் முறையான பயிற்சி. பிறகு வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம். அது இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். 2007இல் கல்லூரிகளுக்கிடையிலான 1500 மீட்டரில் வென்றார், அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. குடியுரிமை வந்ததால்தான் 2008 தகுதிப் போட்டியில் ஓட முடிந்தது. பெய்ஜிங்கில் அரையிறுதியோடு நின்றுவிட்டார். இதை மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நல்லது.

ககுமாவைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விடவேண்டாம். கால்பந்து விளையாட வேண்டுமென்றால் முதலில் முகாமைச் சுற்றி ஒரு முறை ஓடிவிட்டு வரவேண்டும் என்று பெரிய பையன்கள் விதி வைத்திருந்தார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க 400 மீட்டர் ஓட்டக்காரர் மைக்கேல் ஜான்சன் ஓடியதைப் பார்க்க சுமார் 8 கிலோமீட்டர் நடந்து, 5 ஷில்லிங் கொடுத்து, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்.

அவருடைய நேரங்களைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். 800 மீட்டர் 1:45.58. 1500 மீட்டர் 3:32.20, அதாவது 400 மீட்டருக்கு 56.6 விநாடி. 2019 தோஹா உலகப் போட்டியில் 10,000 மீட்டர் 27:04.72, ஏழாம் இடம். அது சுற்றுக்கு 65 விநாடி வீதம் 25 சுற்று, அப்போது வயது 34. ஒரே ஆள் இந்த மூன்றையும் ஓடியிருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கல்லாங் காற்று:
10,000க்கு ஏன் போனார் என்பதற்கு: 800 மீட்டரிலேயே பாதிக்கு மேற்பட்ட சக்தி ஆக்சிஜன் வழியாகத்தான் கிடைக்கிறது. 1500இல் முக்கால் பங்குக்கும் மேல். ஆக, 1500 ஓட்டக்காரரிடம் நெடுந்தூரத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கும். வயது ஏறும்போது முதலில் குறைவது உச்ச வேகம், தாங்கும் சக்தி மெதுவாகத்தான் குறையும். லோமோங் முதலில் 5000க்கு மாறினார். 2012 லண்டனில் பத்தாம் இடம், 2013இல் உள்ளரங்க 5000 மீட்டரில் 13:07.00 என்று அப்போதைய அமெரிக்கச் சாதனை. பிறகு 10,000. 2018, 2019 இரண்டு ஆண்டும் அமெரிக்க வெற்றியாளர். 2019இல் 5000, 10,000 இரண்டையும் வென்றார். தேசியப் போட்டிகளில் முதல் 20 சுற்று மெதுவாகப் போகும், கடைசிச் சுற்றில்தான் முடிவு. 800 மீட்டரை 1:45இல் ஓடிய கால் அங்கே கைகொடுக்கும்.

ஆனால் "30 கிலோமீட்டர் ஓடியதால்தான் ஒலிம்பிக் போனார்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே முகாமில் அதே மாதிரி ஓடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ரோஸ் நத்திக்கே லோகோன்யனைப் பாருங்கள். அவரும் ககுமாவில் வளர்ந்தவர். 2015 வரை முறையான பயிற்சி இல்லை, பிறகுதான் கென்ய நெடுந்தூர ஓட்டக்காரர் டெக்லா லொரூப்பே இங்கோங் ஊரில் நடத்திய பயிற்சி முகாம். 2016 ரியோவில் அகதிகள் அணியின் கொடியைப் பிடித்து, 800 மீட்டரை 2:16.64இல் ஓடினார். டோக்கியோவில் 2:11.87. கிட்டத்தட்ட 5 விநாடி குறைந்தது பயிற்சியால்தான். லோமோங்குக்கு அந்தப் பயிற்சி 16 வயதிலேயே கிடைத்தது, ரோஸுக்கு 20ஐத் தாண்டித்தான். திறமையைப் போலவே பயிற்சியாளர், சாப்பாடு, குடியுரிமைத் தாள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஓட்டக்காரரின் வாழ்க்கை. இதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கோட்டுநடுவர்:
சுற்றுக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த 5000 மீட்டர் அது. ஒரு சுற்று மிச்சமிருக்க, வேகமெடுத்துக் கோட்டைத் தாண்டி முடிந்தது என்று நினைத்துவிட்டார். இன்னொரு சுற்று இருப்பது தெரிந்ததும் மறுபடி ஓடி, அப்படியும் 13:11.63இல் வென்றார்.

இது ஏன் நடக்கிறது? 5000 என்பது 12 சுற்று அல்ல, 12½ சுற்று. தொடக்கம் 200 மீட்டர் குறியில், அதாவது முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில். முதல் 200 மீட்டர் ஓடிக் கோட்டை முதன்முறை தாண்டும்போதே மீதிச் சுற்றைக் காட்டும் பலகையில் 12 என்று இருக்கும். கோட்டைத் தாண்டியதை ஒரு சுற்றாக எண்ண ஆரம்பித்தால் கடைசியில் ஒன்று இடிக்கும். 1500இலும் இதே குழப்பம் வரும்: தொடக்கம் முடிவுக்கோட்டுக்கு 300 மீட்டர் முன்னால், முதலில் முக்கால் சுற்று, பிறகு மூன்று முழுச் சுற்று.

ஆகையால் பிள்ளைகள் தாங்களாக எண்ணக்கூடாது. பலகையை மட்டும் பார்க்கவேண்டும், மணி அடித்தால்தான் கடைசிச் சுற்று. கடிகாரத்தைப் பார்த்து "இந்நேரம் முடிந்திருக்கும்" என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. பயிற்சியிலேயே ஒருவரைக் கோட்டருகே நிறுத்தி எண் அட்டை காட்டச் சொல்லுங்கள். கடைசிச் சுற்றுக்கு ஒரு விசில்.

இன்னொன்று, வளைவில் இரண்டாம் தடத்தில் ஓடினால் வளைவுக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதல். 800 மீட்டரை 2:20இல் ஓடும் மாணவருக்கு அது அரை விநாடிக்கும் மேல். முந்துவதாக இருந்தால் நேர்ப்பாதையில் முந்தட்டும்.

பீஷான்_தடம்:
நன்றி. இது போதாதா என்று கேட்காதீர்கள், பயிற்சிக்கும் ஒரு வழி சொல்லுங்கள். நேரம் மாலை 4 மணி, வெயில் இருக்கும்.

கல்லாங் காற்று:
2:20 ஓடுபவருக்கு 200 மீட்டர் 35 விநாடி. அதே வேகத்தில் 4 முறை, இடையில் 90 விநாடி மெதுநடை. 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 4 முறை. முதல் 200ஐ 31இல் ஓடிவிட்டு கடைசி இரண்டில் 38க்கு இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. நேரத்தை உரக்கச் சொல்லுங்கள், 34க்குக் கீழே போனால் அந்த மாணவர் அடுத்ததில் பின்னால் நிற்கட்டும். முதல் பாதியில் அதிகம் செலவழித்தால் கடைசி 100 மீட்டரில் தொடை கல்லாகிவிடும், கை மேலே ஏறும், அடி குறுகும். அதைப் பார்த்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

வெயிலில் வேகத்தைக் குறைக்காதீர்கள், ஓய்வைக் கூட்டுங்கள்: 90 விநாடியை 2 நிமிடமாக்கி, இரண்டாம் தொகுப்பை 3 முறையோடு முடிக்கலாம். 800க்கு வேகம்தான் தேவை, நம் ஊர் ஈரப்பதத்தில் வேர்வை காயாது, அதனால் உடம்பு ஆறத்தான் நேரம் வேண்டும். தலைசுற்றல், குளிர் நடுக்கம், குழறிய பேச்சு என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ், மேலே தண்ணீர், கூடவே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழைக்கவேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் மீதித் தொகுப்பை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே. எச்சரிக்கை விலகும்போது கால் ஆறியிருக்கும், 10 நிமிடம் மறுபடி உடம்பைச் சூடேற்றாமல் 35 விநாடி ஓடவிடாதீர்கள், தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.