வீட்டிலிருந்தே கோடைக்கால இன்டர்ன்ஷிப்: பாகத்தைத் தொடாமல் வரைபடம் கற்க முடியுமா?

கேள்வி (இயந்திரவியல் மாணவர், மூன்றாம் ஆண்டு)

வணக்கம். கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஆறு வார இன்டர்ன்ஷிப் செய்துவருகிறேன். மன்னார்குடிக்கு அருகிலுள்ள என் வீட்டிலிருந்தே, முழுவதும் இணையவழியில் நடக்கிறது. பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அவற்றைப் பார்த்து சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் மாதிரி செய்து, புதிய வரைபடம் எடுத்துத் தர வேண்டும். மூன்று வாரங்களில் பதினொரு பாகங்களை முடித்துவிட்டேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) 6205 எண் கொண்ட பேரிங் அமரும் இடத்தில் ‘25 கே6’ என்று இருந்தது. நானும் அப்படியே எழுதினேன், காரணம் தெரியாது. வழிகாட்டும் பொறியாளரிடம் காலையில் கேட்டால் இரவில்தான் ‘சரி’ என்று ஒரு சொல்லில் பதில் வருகிறது. எஞ்சிய மூன்று வாரங்களையாவது உருப்படியாகக் கழிக்க என்ன செய்யலாம்?

பதில் 1 (வடிவமைப்புப் பொறியாளர்)

தம்பி, காரணம் தெரியாமல் எழுதினேன் என்று நீங்களே உணர்ந்திருப்பதால், அங்கிருந்தே தொடங்குவோம். 25 கே6 என்றால் ஷாஃப்டின் விட்டம் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம். சாதாரண வகை 6205 பேரிங்கின் உள்துளையோ 24.990 முதல் 25.000 வரைதான் இருக்கும். ஆகவே எந்த ஷாஃப்டில் எந்தப் பேரிங்கைப் போட்டாலும் அது இறுக்கமாகவே அமரும். ஷாஃப்ட் சுழலும்போது உள்வளையமும் கூடவே சுழல வேண்டும். தளர்வாக இருந்தால் வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல மெல்ல நழுவி அந்த இடத்தையே தேய்த்துவிடும்.

வழிகாட்டியிடம் ‘இது சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். ‘ஹவுசிங்கில் (பேரிங்கின் வெளிவளையம் அமரும் கூட்டில்) துளைக்கு 52 எச்7 என்ற அளவு வரம்பு கொடுத்திருக்கிறோம், வெளிவளையம் நிலையாக இருப்பதால் அங்கே இறுக்கம் தேவையில்லை என்று புரிந்துகொண்டேன், சரிதானா?’ என்று உங்கள் புரிதலை எழுதிக் கேளுங்கள். அன்றன்று எழும் ஐயங்களைச் சேர்த்து மாலையில் ஒரே மின்னஞ்சலாக, வரைபடத்தில் அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்பினால், வேலை மிகுந்தவர்கூட நின்று படிப்பார்.

பதில் 2 (முன்னாள் பயிற்சி மாணவி)

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் வீட்டிலிருந்து பணிபுரிந்தேன். அப்போது செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்கிறேன். நம் நாட்டு வழக்கப்படி, பாகத்தின் பக்கத் தோற்றங்களை வரைபடத்தில் அடுக்கும் முதல் கோண முறையிலேயே படித்திருந்ததால், வந்த ஸ்கேனையும் அப்படியே படித்து பம்பின் வால்யூட்டை (நீரைச் சேர்த்து வெளியேற்றும் சுருள்வடிவக் கூட்டை) மாதிரி செய்தேன். அது அமெரிக்க வழக்கமான மூன்றாம் கோண முறையில் வரையப்பட்டது. இடப்பக்கத் தோற்றம் முதல் கோணத்தில் வலப்புறமும், மூன்றாம் கோணத்தில் இடப்புறமும் வரும் என்பதால், என் வால்யூட் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி அமைந்துவிட்டது. அப்படியே வார்த்திருந்தால் நீர் வெளியேறும் வாய் எதிர்ப்பக்கம் போயிருக்கும், நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் சுழற்சித் திசையும் பொருந்தியிருக்காது. வார்ப்புக்கான மரப் பேட்டர்ன் (அச்சு மாதிரி) செய்வதற்கு முன், உண்மைப் பாகத்தின் புகைப்படம் ஒன்று கேட்டு வாங்கியதால்தான் அது தெரியவந்தது. வரைபடம் எந்தக் கோண முறை என்று காட்டும், தலைப்புக் கட்டத்திலிருக்கும் கூம்புக் குறியை முதலில் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு பக்கப் புகைப்படம் கேளுங்கள். ஃபோனில் எடுத்து அனுப்ப அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பதில் 3 (பதில் 1 எழுதியவர்)

இன்னொன்று விட்டுப்போயிற்று. உங்கள் ஊரிலோ பக்கத்திலோ மோட்டார் பழுதுபார்க்கும் லேத் பட்டறை கட்டாயம் இருக்கும். நிறுவனத்தின் வரைபடத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அது அவர்களின் உடைமை, வாட்ஸ்அப்பிலும் பகிரக் கூடாது. தேய்ந்துபோன பழைய ஷாஃப்ட் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நேற்றே போய்வந்தேன். பட்டறை அண்ணன் ஒரு மோட்டார் ஷாஃப்டையும் வெர்னியரையும் கொடுத்தார். வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு, 0.02 மி.மீ.; கே6 அனுமதிக்கும் மொத்த இடைவெளியோ 0.013 தான். வெர்னியரால் அதைச் சோதிக்கவே முடியாது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மைக்ரோமீட்டரில் அளந்தபோது, பேரிங் அமர்ந்திருந்த இடம் 24.96 காட்டியது, வளையம் நழுவிய தடம் பளபளவென்று தெரிந்தது. அந்த ஷாஃப்டின் படத்தோடு, இந்த இடத்தை லேத்தில் கடைந்தே முடிக்கலாமா, கிரைண்டிங் (சாணைக்கல்லால் நுட்பமாகத் தேய்ப்பது) தேவையா என்று வழிகாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தேன். இன்று காலை அவரே தொலைபேசியில் அழைத்து இருபது நிமிடம் விளக்கினார்.