சிகாகோ பக்கம் பிரம்பு பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. யூனியன் என்ற சிற்றூரில் உள்ள இல்லினாய் ரயில்வே மியூசியத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 1953-ல் ஒரே ஒரு மின்சார ரயில் பெட்டியைக் காப்பாற்றத் தொடங்கிய அமைப்பு இது. இன்றும் தன்னார்வலர்கள் உழைப்பில்தான் ஓடுகிறது. ரஷ்யாவுக்காக 1918-ல் செய்து, அங்கே நடந்த புரட்சியால் அனுப்ப முடியாமல் போன, 1630 என்ற எண் கொண்ட நீராவி எஞ்சின் இங்கேதான் இருக்கிறது. ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் அதிகம் என்பதால், சக்கரங்களுக்கு அகலமான இரும்புப் பட்டை மாட்டி அமெரிக்கத் தண்டவாளத்தில் ஓட்டினார்களாம். என்ன வேலைப்பாடு!

இப்போது பழைய டிராம் ஒன்றின் பிரம்பு இருக்கைகளைச் சரிசெய்கிறோம். உட்காரும் பக்கம் பளபளவென்று நன்றாக இருக்கிறது. ஓரம் மடங்கும் இடத்தில்தான் முறிந்து, நார் நாராகப் பிரிகிறது. பிரம்பை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? ஓரத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் நிற்குமா? ஊரில் நாற்காலி பின்னிய அப்பா, மாமா யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள், ப்ளீஸ். பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் வந்தால் இன்னும் சந்தோஷம்.